எந்த நாள் மழை? ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய மழை வரைபடத்தைக் காலையில்தான் திறந்து பார்த்தேன். 2015 டிசம்பர் 1, சென்னை மிதந்த நாள். உன் படத்தில் மழை மணிக்கு 0.00-க்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது. "அக்கா, டேட்டாவே தப்பு" என்று எழுதியிருக்கிறாய். தப்பில்லை. நீ எடுத்திருப்பது ஈரா5, அதாவது ஐரோப்பிய வானிலை மையம் பழைய அளவீடுகளையும் கணினி மாடலையும் சேர்த்து மணிக்கு மணி கணக்கிட்டுத் தரும் டேட்டா. அதில் மழை மீட்டரில் இருக்கும். 1000-ஆல் பெருக்கு, மில்லிமீட்டர் ஆகிவிடும்.

பெருக்கிய பிறகு அடுத்த குழப்பம் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் வானிலைத் துறையின் கணக்கில் அந்தப் பெருமழை டிசம்பர் 2-இல் இருக்கும். தாம்பரம் 49 செ.மீ., மீனம்பாக்கம் 34, நுங்கம்பாக்கம் 29 என்று செய்தியில் கேட்டோமே, அதெல்லாம் 2-ஆம் தேதி காலை 8.30 மணிக்கு அளந்தது. முந்தின நாள் காலை 8.30-இலிருந்து பெய்த மழை அது. நம் 8.30 என்பது உலக நேரத்தில் 3 மணி. நீ ஈரா5-ஐ உலக நேர நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டுகிறாய். அதன் டிசம்பர் 1-க்கும் நம் டிசம்பர் 2-க்கும் 21 மணி நேரம் பொது. தேதிக்குத் தேதி வைத்தால் பொதுவாக இருப்பது வெறும் 3 மணி நேரம். அப்படி வைத்துத்தான் நான் ஒரு கருத்தரங்கில், "ஈரா5 மழையை ஒரு நாள் முன்னாலேயே கொட்டிவிடுகிறது" என்று பெருமையாகப் பேசினேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "எந்த நாளும்மா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

எல்லா வானிலை மையங்களும் டேட்டாவை ஒரே மாதிரி கொடுத்தால் என்ன என்று கேட்டாய். பாதி நடந்திருக்கிறது. 1990-களில் அமெரிக்கக் கடலியல்காரர்கள் தொடங்கிய வேலை இன்று ஓப்பன்டாப் என்று, இணையம் வழியே டேட்டா வாங்கும் முறையாக நிற்கிறது. கோப்பு முழுவதையும் இறக்க வேண்டாம், தமிழ்நாட்டுத் துண்டை மட்டும் வெட்டி வாங்கலாம். அது வாசல். உள்ளே இருப்பது என்ன என்று சொல்வதற்குத்தான் 2003-இல் சிஎஃப் மரபுகள் என்ற, வானிலைக் கோப்புகளை எழுதும் பொது விதிகள் வந்தன: ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிலையான பெயர், அலகு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்ற எல்லை. உலகின் காலநிலை மாடல்களை அருகருகே வைத்துப் பார்க்கும் சிமிப் ஒப்பீட்டில் எந்த மையம் மாடல் ஓட்டினாலும் மழைக்கு ஒரே பெயர், ஒரே அலகு: சதுர மீட்டருக்கு, விநாடிக்கு இத்தனை கிலோ. விசித்திரமாகத் தெரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ தண்ணீர் ஊற்றினால் 1 மி.மீ. நிற்கும். ஆகவே ஒரு நாளின் விநாடிகளான 86400-ஆல் பெருக்கினால் நாளுக்கு எத்தனை மி.மீ. என்று வந்துவிடும். பழகினால் பிடித்துப்போகும்.

அப்புறம் நாட்காட்டி. பிரிட்டிஷ் காலநிலை ஆய்வகமான ஹாட்லி மையத்தின் பழைய மாடல்களில் மாதத்துக்கு 30 நாள், பிப்ரவரி 30 உண்டு. வேறு சில மாடல்களில் லீப் வருடமே இல்லை. இதையெல்லாம் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். எந்த நாட்காட்டி என்று கோப்பிலேயே எழுதியிருந்தால் போதும், மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஈரா5-இல் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். தமிழ்நாட்டுக்காக 8 முதல் 14 வரை என்று கேட்டால் காலியாக வரும், பதறாதே, 14 முதல் 8 வரை என்று திருப்பிக் கேள். தீர்க்கரேகை 0 முதல் 360-ஆ, மைனஸ் 180 முதல் 180-ஆ என்ற சண்டை நம்மைத் தொடாது. அது 0 பாகைக் கோட்டில் உட்கார்ந்திருக்கும் லண்டன்காரர்கள் பாடு.

நம் வானிலைத் துறையின் புனே அலுவலகத்திலிருந்து வரும் 0.25 பாகை மழைக் கட்டங்களின் ஜிஆர்டி கோப்பையும் ஒருமுறை திறந்து பார். உள்ளே வெறும் எண்கள். கிழக்கு மேற்கில் 135, தெற்கு வடக்கில் 129 புள்ளிகள், டேட்டா இல்லாத இடத்தில் மைனஸ் 999 என்ற விவரமெல்லாம் வெளியே தனியாக இருக்கும். அது தெரியாமல் சராசரி எடுத்தால் கடற்கரை மாவட்டங்களில் மழை பூஜ்யத்துக்குக் கீழே போகும். இந்த விவரங்களைக் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும் நெட்சிடிஎஃப் வடிவிலும் தருகிறார்கள், அதை எடு.

இன்னும் வாசலே திறக்காத இடங்களும் உண்டு. ஓர் அலுவலகத்துக்குத் துறைத்தலைவர் முத்திரையோடு கடிதம் கொடுத்து, மூன்று வாரம் காத்திருந்து, ஒரு எக்செல் கோப்பு வாங்கினேன். தலைப்பில் "மழை" என்று மட்டும் இருந்தது. மில்லிமீட்டரா, சென்டிமீட்டரா? போன் செய்தேன். எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டாராம்.

இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், உங்கள் துறை மொட்டைமாடியில் இருக்கும் மழைமானியின் பதிவுகளை நீதான் அடுத்த வாரம் சர்வரில் ஏற்றப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அலகு, நேர எல்லை, இல்லாத நாளுக்கு என்ன எண் என்ற மூன்றையும் கோப்புக்குள்ளேயே எழுது. ஏற்றுவதற்கு முன்னால் தலைப்பகுதியை மட்டும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா