ஏப்ரல் 15 வரை

கத்ர் போர்ன், மொரீஷியஸ்
பிப்ரவரி 18

அன்புள்ள வேலூருக்கு,

விடுதியில் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். உன் சொந்தப் பெயரை எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது.

உன் கடிதம் தைப்பூசத்துக்கு முதல் நாள் வந்தது. கையால் எழுதி, தபால்தலை ஒட்டி இவ்வளவு தூரம் அனுப்புகிறவள் இப்போது எனக்கு நீ ஒருத்திதான். உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மா இந்த வருடமும் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுத்தாள். கோர் தெ கார்ட் மலைக் கோயில் படிக்கட்டு வெயிலில் கொதித்தது. நான் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஏறினேன். இறங்கி வந்து வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பிட்ட பிறகுதான் மூச்சு வந்தது. என்ன வேண்டிக்கொண்டாய் என்று நீ கேட்பாய். வரலாற்றில் பிஎச்.டி. செய்ய இடம் கிடைக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். வேறு எதற்கும் மனசு போகவில்லை.

முதலில் உன் விஷயம். ஆய்வேட்டைக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, ஒரு தேர்வாளர் அறிக்கை வந்துவிட்டது, இன்னொன்று வராததால் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது. கல்லூரியில் பாடமும் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் எழுதியதைப் படிக்க ஒருவருக்கு எட்டு மாதம் எதற்கு? நீ பொறுமைசாலி. ஆனாலும் எழுத்தில் ஒரு நினைவூட்டல் கொடு. கேட்பதில் தப்பில்லை. சின்னவனுக்கு முன்பல் விழுந்த படம் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டே இருந்தாள். பல்லைக் கூரை மேல் போட்டீர்களா என்று கேட்கச் சொன்னாள்.

சரி, என் கதை. ஏழு இடத்துக்கு விண்ணப்பித்தேன். அமெரிக்காவில் ஆறு, இங்கிலாந்தில் ஒன்று. அமெரிக்காவுக்கு மட்டும் கட்டணம் எங்கள் ரூபாயில் 27,000 பக்கம் ஆனது. இரண்டு இடத்திலிருந்து ‘இல்லை’ வந்துவிட்டது. ஓரிடத்தில் ஜனவரி கடைசியில் ஜூமில் அரை மணி நேரம் பேசினார்கள், அதற்கப்புறம் பேச்சில்லை. மற்ற மூன்றும் வாயே திறக்கவில்லை. இங்கிலாந்தில் இடம் உண்டு, பணம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

‘இல்லை’ எப்படி வருகிறது தெரியுமா? மின்னஞ்சலில் விஷயமே இருக்காது. உங்கள் விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறது, உள்ளே போய்ப் பாருங்கள் என்று ஒரு வரி மட்டும். கடவுச்சொல்லைப் போட்டு, பக்கம் திறக்கிற வரைக்கும் எனக்குக் கை சில்லிட்டுவிடுகிறது. முதல் தடவை அம்மா அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

நியூயார்க்கைவிட நாங்கள் இப்போது 9 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே அலுவலகம் திறக்கிற காலை ஒன்பது மணி எங்களுக்கு மாலை ஆறு. அவர்கள் மூடுகிற நேரம் இங்கே ராத்திரி இரண்டு. அதனால் பகலில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பள்ளியில் வரலாறு எடுத்திருக்கிற 11 பிள்ளைகளோடு பேசும்போது இதன் நினைவே வருவதில்லை. மாலை ஆறு அடித்ததும் வயிற்றைக் கலக்கும். போன வாரம் புயல் எச்சரிக்கை இரண்டாம் எண்ணுக்கு ஏறி, பள்ளிகளை மூடினார்கள். ராத்திரி காற்றில் மின்சாரம் போய், இணையமும் போனது. பல நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் பத்து மணிக்கே தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் ஒன்றும் வரவில்லை.

என்னை வாட்டுவது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். பல இடங்களில் முடிவு எடுத்து முடித்திருப்பார்கள். நாலைந்து பேராசிரியர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான கோப்புகளைப் புரட்டி, என் கோப்பை ஏதோ ஒரு பக்கம் எடுத்து வைத்திருப்பார்கள். அது எந்தப் பக்கம் என்று எனக்கு மட்டும் தெரியாது. பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்ததும் இதுவும் ஒன்றில்லை. பரீட்சை என்றால் எழுதியது சரியா தப்பா என்று நமக்கே பாதி தெரியும். இங்கே நன்றாக எழுதியும், அந்த வருடம் அங்கே இந்தியப் பெருங்கடல் வரலாற்றுக்கு வழிகாட்ட ஆள் இல்லாவிட்டால் அவ்வளவுதான். அதுவும் இந்த வருடம் பணத் தட்டுப்பாட்டால் பல துறைகள் இடங்களைக் குறைத்துவிட்டன, சில இடங்களில் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருக்கிறார்கள். 2020ல் கொரோனா சமயத்திலும் இப்படித்தான் நிறுத்தினார்கள். அப்போது நான் விண்ணப்பிக்க நினைத்து விட்டுவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

என்ன ஆராயப் போகிறேன் என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையை (எஸ்ஓபி) எழுதியதைச் சொல்ல வேண்டும், அதில் பாதி உன்னுடையது. முதல் வரைவை எங்கள் ரூபாய் நோட்டில்தான் தொடங்கியிருந்தேன். நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. 1998ல் புது நோட்டு அடித்தபோது அந்த வரிசையை மாற்றிவிட்டார்கள். இங்குள்ள தமிழர்கள் கொதித்துப்போக, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கதையோடு பாட்டியையும் சேர்த்து ஒன்றரைப் பக்கம் உருகி எழுதியிருந்தேன். நீ படித்துவிட்டு ஒரே வரி அனுப்பினாய்: “நல்லா இருக்கு, ஆனா உன் கேள்வி எங்கே?” இரண்டு நாள் உன்மேல் வருத்தமாக இருந்தேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அழித்தேன்.

கேள்வி என் கைக்குள்ளேயேதான் இருந்தது. 1834 முதல் 1920களின் தொடக்கம் வரை கூலி ஒப்பந்தத்தில் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் நாலரை லட்சத்துக்கு மேல். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள் அதில் ஒரு பகுதி. போர்ட் லூயியில் ஆப்ரவாசி காட் கரையில் இறங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், ஜில்லா, ஊர் என்று பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேடுகள் இன்றைக்கும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இங்கே வந்தபின் ஒருவரின் சொந்தப் பெயரே, வீராசாமியோ முத்துசாமியோ, பேரன் பேத்திகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. அதுவும் எழுத்தரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி, ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த எழுத்துக்கூட்டலில். ஒரே பெயருக்கு நான் மட்டும் ஒன்பது எழுத்துக்கூட்டல் பார்த்திருக்கிறேன். பெயரைச் சொன்னவர் யார், நடுவில் நின்று மொழி மாற்றியவர் யார், எழுதியவர் யார், எழுதியதை இவர்கள் எப்போது தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டார்கள்? இதுதான் என் கேள்வி. அதை வைத்து எழுதியபோது இரண்டு பக்கமும் ஒரே நாளில் முடிந்தது.

ஜூமில் பேசியவர்கள் இதைத்தான் அதிகம் கேட்டார்கள். எந்தெந்த மொழி படிப்பீர்கள் என்றார்கள். பிரெஞ்சு, ஆங்கிலம், கிரியோல், தமிழ் என்றேன். சேர்ந்த பிறகு மொழித் தேர்வு எழுத வேண்டிய துறை அது, அதனால் தலையை ஆட்டினார்கள். எங்கள் சந்தையில் கிரியோல் பேசும் சீனக் கடைக்காரரும் கொத்தமல்லியைக் கொத்தோமிலி என்றும், கறிவேப்பிலையைக் கரிப்பூலே என்றும்தான் சொல்வார் என்றேன். ஒரு பேராசிரியை குறித்துக்கொண்டார். அவர் பேனாவை எடுத்ததை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன், எண்ணிக்கை இல்லை.

மாதிரிக் கட்டுரையாக அனுப்பியது 1871 மனுவைப் பற்றியது. நம் விடுதி மொட்டைமாடியில் நான் சத்தமாகப் படித்துக் காட்டியது, அதையே 25 பக்கமாக விரித்தேன். ஒப்பந்தம் முடிந்த பழைய குடியேறிகளும் படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், சீட்டு இல்லாமல் பிடிபட்டால் சிறை என்று 1867 சட்டம் நெருக்கியது. கரும்புத் தோட்டம் நடத்திவந்த தெ பிளெவிட்ஸ் என்பவர் துணை நிற்க, 9,401 பேர் ஆளுநருக்கு மனுக் கொடுத்தார்கள். 1872ல் விசாரணை ஆணையம் வந்தது. அதன் அறிக்கை 1875ல்தான் வெளியானது. என் கட்டுரையில் இந்த இடைவெளிக்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். மனு கொடுத்தார்கள், ஆணையம் வந்தது, அறிக்கை வெளியானது என்று. இப்போது திரும்பப் படிக்கும்போது அந்த வாக்கியத்தில்தான் கண் நிற்கிறது. அந்த நாலு வருடமும் அவர்கள் தினமும் அதே கரும்புத் தோட்டத்துக்குப் போய், அதே சீட்டைப் பையில் வைத்துக்கொண்டுதானே திரும்பியிருப்பார்கள்? பதில் வருமா என்று யாரிடம் போய்க் கேட்டிருப்பார்கள்? என் காத்திருப்பை அதோடு ஒப்பிடவில்லை, அது நியாயமும் இல்லை. ஆனால் எனக்கு எங்கேயாவது இடம் கிடைத்தால் முதலில் தேடப்போவது அந்த நாலு வருடத்தைத்தான்.

மேடத்தின் பரிந்துரைக் கடிதக் கதை உனக்குத் தெரியாது. ஓர் இடத்துக்கு மட்டும் அவருக்குப் போன இணைப்பு குப்பை அஞ்சலில் விழுந்துவிட்டது. கடைசி நாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. பயந்துகொண்டே போன் செய்தேன். கண் அறுவை முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததாம். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சொல்லிச் சொல்லி ஏற்றிவிட்டார். “உனக்கு எழுதாம யாருக்கும்மா எழுதுவேன்” என்றார். போனை வைத்துவிட்டு அழுதேன். சென்னைக்குப் போனால் அவரைப் போய்ப் பாரடி. என் சார்பில் பூ வாங்கிக்கொண்டு போ.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எல்லோரும் என்னிடம் “கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை” என்கிறார்கள். அம்மா சொல்கிறாள், பள்ளியில் சொல்கிறார்கள், அண்ணன் பக்கத்துத் தீவான ரெயூனியனிலிருந்து போன் போட்டுச் சொல்கிறான். அன்பில்தான் சொல்கிறார்கள். நீ மட்டும் அப்படி எழுதாதே. எனக்குப் பரவாயில்லை என்று இல்லை. நான் தேடுகிற காகிதங்கள் கொஞ்சம் மோக்காவில், கொஞ்சம் இங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், மீதி நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், லண்டனில் கியூ காப்பகத்தில் சி.ஓ. 167 என்ற காலனி அலுவலகக் கோப்பு வரிசையிலும் இருக்கின்றன. பள்ளிச் சம்பளத்தில் விடுமுறைக்கு விடுமுறை போய்ப் பார்த்துத் தீராது. அமெரிக்காவில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவும் மாதப் பணமும் அவர்களே தருவார்கள், பதிலுக்கு அங்கே பாடம் எடுக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் வகுப்பு, அப்புறம் பெரிய தேர்வு, அப்புறம்தான் காப்பகங்கள். ஐந்தாறு வருடம் இந்தப் பெயர்களோடு மட்டும் இருக்கலாம். எனக்கு 33 ஆகிறது. எனக்கு இது வேண்டும். ஒருத்தியிடமாவது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே.

இங்கிலாந்து விஷயம் இதுதான். கடிதம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தோடு லண்டன் வாடகையையும் சேர்த்தால், அம்மா வீட்டை விற்றாலும் இரண்டு வருடம் தாண்டாது. உதவித்தொகை முடிவு ஏப்ரலுக்குள் தெரியலாம். அமெரிக்காவில் பணத்தோடு இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்லலாம், அதற்குள் சொல் என்று நெருக்கக் கூடாது என்று பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தச் சமயத்தில் சிலர் வேண்டாம் என்பார்கள், காத்திருப்போர் பட்டியலில் இருந்து ஓரிருவரைக் கூப்பிடுவார்கள். ஆகவே அன்றுவரை நான் எதையும் முடிந்ததாக நினைக்கப் போவதில்லை. லண்டனுக்கு அதுவரை அவகாசம் கேட்டு எழுதிவிட்டேன். பணமில்லாமல் அங்கே போவது முட்டாள்தனம் என்று நீ நினைத்தால் நேராகச் சொல். ‘உன் கேள்வி எங்கே’ என்று சொன்ன மாதிரியே சொல்.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது உனக்கு. என் தாத்தாவின் தாத்தா பதிவைப் பார்த்துவிட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன் இல்லையா? ஜில்லா வட ஆற்காடு என்று தெளிவாக இருக்கிறது. ஊர் பெயரை ‘பூடூர்’ என்று படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார் எழுத்தர். புதூரா, புத்தூரா, வேறு ஏதாவது ஊரா? பாட்டியிடம் கேட்டேன். அவளிடம் திருப்புகழ்ப் பாடல்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். அதன் கடைசிப் பக்கத்தில் அவளுடைய மாமியார் சொன்னதாக ஒரு வரி இருக்கிறது: “ஊரில் ஏரி, ஏரிக்கரையில் ஐயனார்.” உங்கள் பக்கம் எல்லா ஊரிலும் ஏரி இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் வேலூர், ஆரணி, குடியாத்தம் பக்கம் இந்த மாதிரி பெயருள்ள ஊர்களை உன் மாணவர்களைக் கேட்டு எழுது. ஐயனார் கோயில் எந்த ஊரில் ஏரிக்கரையிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேள். அவசரமில்லை, வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு போதும்.

மணி ஐந்தே முக்கால் ஆகிறது. தபால் நிலையம் மூடிவிட்டது, காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் போட்டுவிடுவேன். பாட்டி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இப்போது கண் தெரியவில்லை, நான்தான் படித்துக் காட்டுகிறேன்.

உன்
மொரீஷியஸ்காரி