ஐஜிஜி பாசிட்டிவ்னா நிம்மதியா இருக்கலாமா?

ஏட்டி,

எப்படி இருக்க? உன் வாய்ஸ் மெசேஜ் ரெண்டையும் கேட்டேன். போன்லயே சொல்லிடலாம்னு பார்த்தா மழை ஆரம்பிச்சதுல இருந்து லேப்ல மூச்சு விட நேரமில்ல, வீட்டுக்கு வந்தா அம்மா முட்டிக்கு தைலம் தேய்க்கவே சரியா இருக்கு, அதான் விலாவாரியா எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். சின்னவ வீட்டுக்கு வந்துட்டா, இட்லி கேட்டு வாங்கி சாப்பிடுறான்னு நீ சொன்னதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு.

நீ கேட்டது, சின்னவளோட டெங்கு ரிப்போர்ட்ல ஐஜிஜி, அதான் கிருமிக்கு எதிரா உடம்பு செய்யுற ஒரு வகை ஆன்டிபாடி, பாசிட்டிவ்னு போட்டிருக்கே, அப்ப எதிர்ப்பு சக்தி வந்துருச்சு, இனிமே இவளுக்கு டெங்கு வராதுல்லன்னு. பாதி சரி. மீதி பாதியில கொஞ்சம் விவகாரம் இருக்கு.

ஊதா மூடி ட்யூப்ல எடுத்தது பிளேட்லெட்டுக்கு. சிவப்பு மூடில எடுத்தத உறைய விட்டு சென்ட்ரிஃப்யூஜ்ல போட்டு சுத்துவோம், கட்டி அடியில தங்கிடும், மேல வைக்கோல் கலர்ல தெளிவா நிக்கும் பாரு, அதான் சீரம், ஆன்டிபாடி எல்லாம் அதுக்குள்ளதான். அதுல ஒரு சொட்டு கார்டுல விட்டு பஃபர்னு ஒரு கரைசல ஊத்திட்டு கால் மணி நேரம் உக்காந்திருந்தா ஐஜிஎம்னு இன்னொரு வகை ஆன்டிபாடிக்கான எம் கிட்டயா, ஐஜிஜிக்கான ஜி கிட்டயா ரோஸ் கோடு விழுதுன்னு தெரிஞ்சிடும். முதல் தடவை டெங்குன்னா அஞ்சாம் நாள் வாக்குல எம் வரும், ஜி மெதுவா ஒரு வாரத்துக்கு அப்புறம்தான் எட்டிப் பார்க்கும். உன் பொண்ணுக்கு அஞ்சாம் நாளே ஜி கோடு தடிமனா இருக்கு, எம் மங்கல். அப்படின்னா இது அவளுக்கு பெரும்பாலும் ரெண்டாவது டெங்கு. முதல் தடவை வந்ததே தெரிஞ்சிருக்காது, ஏதோ வைரல் ஃபீவர்னு பாராசிட்டமால் குடுத்து ஸ்கூலுக்கு அனுப்பியிருப்ப. நிறைய பேருக்கு அப்படித்தான்.

ரெண்டாவது தடவைன்னா ஈசியா போயிருக்கணுமேன்னு கேப்ப. அங்கதான் இருக்கு சங்கதி.

ஸ்கூல் புக்ல ஆன்டிபாடின்னா படைவீரர்னு ஒரு படம் போட்டிருப்பான், எனக்கு அது அறவே புடிக்காது. ஆன்டிபாடிக்கு தானா எதையும் முழுங்கத் தெரியாது. அது ஒரு புரோட்டீன், ஒய் எழுத்து மாதிரி, மேல ரெண்டு கை, கீழ ஒரு வால். கை நுனி வைரஸ் மேல ஒரு குறிப்பிட்ட இடத்துல கச்சிதமா ஒட்டும், ஒட்டிட்டா வைரஸால நம்ம செல்லுக்குள்ள நுழைய முடியாது. வால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் அந்த வாலப் புடிச்சு வைரஸோட சேத்து முழுங்கி செரிச்சிடும். இதுல எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம் என்னன்னா, உடம்பு இதுக்கு முன்னாடி பார்க்கவே பார்க்காத கிருமிக்கும் பொருந்துற கை எப்படியோ ரெடியா இருக்கு. ஆன்டிபாடி செய்யுற பி செல் உருவாகும்போதே ஜீன் துண்டுகள கன்னாபின்னான்னு வெட்டி ஒட்டி ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு மாதிரி கை செய்யுது, இத நிரூபிச்சதுக்கு சுசுமு டோனேகாவாவுக்கு 1987ல நோபல் குடுத்தாங்க. பொருந்துன செல் மட்டும் நெறிகட்டுற இடத்துல, அதான் நிணநீர் முடிச்சுல, பெருகி, கையத் திருத்தித் திருத்தி பிடிய இறுக்கும். அதுக்குத்தான் அத்தன நாள் ஆகுது. வேலை முடிஞ்சப்புறம் கொஞ்சம் செல் நினைவு வச்சுக்கிட்டு தங்கிடும்.

டெங்குல நாலு வகை இருக்கு. நாலும் பாக்க ஒண்ணு போல, ஆனா ஒண்ணு இல்ல. ஒண்ணாம் வகை வந்து போனவளுக்கு ரெண்டாம் வகை வந்தா, பழைய நினைவு செல் முழிச்சுக்கிட்டு அவசர அவசரமா பழைய கையையே செஞ்சு தள்ளும். அது ஒட்டும், ஆனா வைரஸ அடக்காது. வால் மட்டும் வழக்கம் போல நீட்டிக்கிட்டு இருக்கும், மேக்ரோஃபேஜும் புடிச்சு உள்ள இழுக்கும், டெங்கு வைரஸுக்கு வளர புடிச்ச இடமே அந்த மாதிரி செல்லுதாண்டி! திருடன நாமளே ஆட்டோ புடிச்சு வீட்டு வாசல்ல இறக்கிவிட்ட கதைதான்.

இத 1960கள்ல பாங்காக்ல ஸ்காட் ஹால்ஸ்டெட்னு ஒரு டாக்டர் கவனிச்சாரு. ரொம்ப மோசமானது ரெண்டாவது தடவை வந்த பிள்ளைங்க, அப்புறம் ஒரு வயசு ஆகாத கைக்குழந்தைங்க. கைக்குழந்தைக்கு முதல் தடவையிலயே ஏன்னா, அம்மாவோட ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போயிருக்கும், அது மாசம் ஆக ஆகக் குறைஞ்சு, காப்பாத்தவும் பத்தாம ஒட்ட மட்டும் செய்யுற அளவுக்கு வந்துரும். கியூபால 1977ல ஒண்ணாம் வகை வந்துச்சு, பெருசா சேதமில்ல. 1981ல ரெண்டாம் வகை வந்தப்ப 158 பேர் செத்தாங்க, அதுல 101 பிள்ளைங்க. முதல் அலைக்கு அப்புறம் பிறந்த ஒண்ணு ரெண்டு வயசுப் பிள்ளைங்க மட்டும் பெரும்பாலும் தப்பிச்சுக்கிச்சு. 2016ல பிலிப்பைன்ஸ்ல டெங்வாக்சியா தடுப்பூசிய 8 லட்சத்துக்கு மேல ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு, 2017 கடைசியில, முன்னாடி டெங்கு வராத பிள்ளைக்கு இது ஆபத்துன்னு சொல்லி நிறுத்தினாங்க, ஊசியே முதல் டெங்கு மாதிரி வேலை செஞ்சிருக்கு. முதல்லயே ரத்தம் பார்த்துட்டு போட்டிருக்கலாம்ங்கறது என் கருத்து. அதே 2017ல நிகராகுவா பிள்ளைங்கள பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒண்ணு வந்துச்சு, ஆன்டிபாடி நிறைய இருந்தாலும் பிரச்சனை இல்ல, சுத்தமா இல்லாட்டியும் அவ்வளவு இல்ல, நடுவாந்தரமா இருக்கும்போதுதான் கண்டம்.

சரி, உன் பொண்ணுக்கு வா. வந்து போன ரெண்டு வகையும் அவளுக்கு இனி வராதுன்னே வச்சுக்கலாம். மூணாவது நாலாவது வரலாம், ஆனா அது இந்த அளவுக்குப் படுத்துறது அபூர்வம். பெரியவனுக்கும் டெஸ்ட் எடுக்கவான்னு கேட்டியே, காய்ச்சல் இல்லாம எடுக்காத, காசுக்குப் புடிச்ச கேடு. யாருக்கு காய்ச்சல் வந்தாலும் புரூஃபென் மட்டும் குடுத்துராத, பாராசிட்டமால் போதும். காய்ச்சல் விட்டுருச்சுன்னு சந்தோஷப்படுற அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் முழிச்சுப் பாக்கணும், வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், சுருண்டு படுக்குறதுன்னு ஏதாவது இருந்தா ராத்திரின்னும் பாக்காம தூக்கிட்டு ஓடு. உன் மாமியார் குடுக்குற பப்பாளி இலைச் சாறு பஞ்சாயத்துக்கு நான் வரல.

ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற ட்ரேய இழுத்துப் பாரு, தண்ணி நின்னா கொட்டிட்டு தேய்ச்சுக் கழுவு, கொசு முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். டெங்குவப் பரப்புறது பகல்ல கடிக்கிற கொசு, அதனால சாயங்காலம் மட்டும் ஜன்னல சாத்தி பிரயோஜனம் இல்ல.

பொங்கலுக்கு வர்றதா இருந்தா இப்பவே சொல்லு, நெல்லை எக்ஸ்பிரஸ்ல சீட்டு காலியாகிடும். அம்மா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்கா.