ஜெல்லை பூட்டி வைக்காதீங்கன்னு உத்தரவு போடுங்க

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் ஒரு சோலார் செல் ஃபேக்டரில வெட் பெஞ்ச்ல, அதாவது செல் தகடை ஆசிட் தொட்டியில முக்கி எடுக்கிற இடத்துல, மூணு வருஷம் வேலை பார்த்தவன். கம்பெனி பேர் சொல்லல, ஏன்னா ஆசிட் பட்டா தேய்க்கிற ஜெல்லை பூட்டி வைக்கக் கூடாதுன்னு நான் கேக்குறது எல்லா கம்பெனிக்கும் சேர்த்துதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், திருநெல்வேலி கிட்ட கங்கைகொண்டான்லன்னு சோலார் ஃபேக்டரிங்க வந்துருச்சு, நம்ம டிப்ளமோ பசங்க, பொண்ணுங்க எல்லாம் வேன் ஏறி ஷிப்டுக்கு போறாங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு, அதனாலதான் இந்த பயமும்.

டிஃப்யூஷன்ங்கிற உலை வேலை முடிஞ்சு வர்ற வேஃபர் (மெல்லிசான சிலிக்கான் தகடு) மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கும், அதை எடுக்க ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்ல முக்குவோம், லைன்ல ஹெச்எஃப்னுதான் சொல்வோம். ஒரு நைட் ஷிப்ட்ல கூட இருந்த தம்பிக்கு க்ளவுஸ்ல ஊசி முனை அளவு ஓட்டை. விரல்ல ஈரம் பட்டுச்சு, எரியல, சிவக்கவும் இல்ல, கழுவிட்டு வேலைக்கு வந்துட்டான். விடிகாலை நாலு மணிக்கு நகத்துக்கு அடியில வலின்னு விரலை புடிச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டான், பேச்சே வரல. ஹெச்எஃப் அப்படித்தான் சார், நீர்த்ததா இருந்தா ஒரு நாள் கழிச்சு கூட வலி வரும், அதுக்குள்ள தோலைத் தாண்டி உள்ள போய் உடம்புல இருக்க கால்சியத்தை புடிச்சுக்கும், நிறைய பட்டா இதயத்துடிப்பே தாறுமாறாயிடும்.

இதுக்கு கால்சியம் குளுக்கோனேட் 2.5 சதவீத ஜெல் இருக்கு, தண்ணில நல்லா கழுவிட்டு உடனே தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். எங்ககிட்டயும் இருந்துச்சு, ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் பீரோவுல. சாவி டே ஷிப்ட் இன்சார்ஜ் கிட்ட.

பக்கத்து கிளினிக்ல தீக்காய மருந்து போட்டு கட்டிவிட்டாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, ஆசிட்னு சொன்னோமே தவிர என்ன ஆசிட்னு எழுதின சீட்டு எங்க கையில இல்ல. ரெண்டாவது ஆஸ்பத்திரிலதான் கால்சியம் ஊசி போட்டாங்க. விரல் தப்பிச்சுது, நகம் போயிடுச்சு.

ஹெச்எஃப் மட்டும் இல்ல. செல் மேல பூச்சு போட உபயோகிக்கிற சிலேன் கேஸ் லீக்கானா பொறியே வேணாம், காத்து பட்டாலே பத்திக்கும். காலேஜ் லேப்ல பெரோவ்ஸ்கைட்ங்கிற புது வகை சோலார் செல் பண்ற ஸ்டூடண்ட்ஸ் கையில ஈயமும் டிஎம்எஃப்ங்கிற கரைப்பானும், அந்த டிஎம்எஃப் தோல் வழியாவே உள்ள போய் ஈரலை கெடுக்கும். ஆனா எங்க ட்ரெய்னிங் ஸ்லைடு முழுக்க இங்கிலீஷ், கடைசியில ஒரு கையெழுத்து, அவ்ளோதான். 1984 போபாலுக்கு அப்புறம் 1987ல ஃபேக்டரி சட்டத்தையே திருத்தினாங்களே, ஆபத்தான கெமிக்கல் பத்தி தொழிலாளிக்கு சொல்லியாகணும்னு, புரியாத பாஷையில சொன்னா அது சொன்னதா ஆகுமா?

நீங்க இன்ஸ்பெக்‌ஷன் போறப்ப ஃபைலை அப்புறம் பாருங்க, மொதல்ல வெட் பெஞ்ச் கிட்ட நின்னு ஜெல் எங்கன்னு ஒரு ஆபரேட்டரை கேளுங்க. கை நீட்டினா எட்டணும், தேதி முடிஞ்சிருக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிருக்காங்களான்னு பாருங்க. கெமிக்கல் பேரு, மொத உதவி ரெண்டும் தமிழ்ல எழுதின அட்டை ஒவ்வொரு பையன் பாக்கெட்லயும் இருக்கணும், நைட் ஷிப்ட் காண்ட்ராக்ட் பசங்களுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
ஒரு பழைய வெட் பெஞ்ச் ஆபரேட்டர்