புது போக்கர் அறை: தேறும் குறை, தேறாத குறை

எல்லிகாட் சிட்டி, மேரிலாந்து

அன்புள்ள சேகர்,

கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். விர்ஜீனியாவில் உங்கள் பக்கம் திறந்திருக்கும் புது போக்கர் அறைக்கு முதல் நாளே போய்விட்டு, நாற்காலிக்கு நூற்றுக்கு நூறும் சீட்டுப் போடும் டீலர்களுக்கு முட்டை மார்க்கும் போட்டு எழுதியிருக்கிறாய். இரண்டையும் இப்போதைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. முதல் வருடம் எந்த அறையிலும் நாற்காலி நன்றாகத்தான் இருக்கும். முதல் மாதம் எந்த அறையிலும் டீலர் திணறத்தான் செய்வார். பால் காய்ச்சின அன்றைக்கு வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டுத் தோரணத்தைப் பார்த்த கதையாக இருக்கிறது உன் மதிப்பெண். எந்தக் குறை நாளாக ஆகச் சரியாகும், எது சரியே ஆகாது என்று பிரித்துப் பார். அதுதான் புது அறையை எடை போடுகிற முறை.

முதலில் சரியாகிற குறையைச் சொல்கிறேன். டீலர் மந்தம் என்கிறாய். புது கேசினோ திறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே பயிற்சி வகுப்பு நடத்தி ஆட்களைச் சேர்ப்பார்கள். போன வருடம்வரை சீட்டையே தொடாதவர்களும் அதில் இருப்பார்கள். கை தேர்ந்த டீலர், சீட்டைக் கலைக்கும் இயந்திரம் இருக்கும் மேசையில், மணிக்கு 30 முதல் 35 கை (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) போடுவார். புதியவர் 20 கையைத் தாண்டினாலே பெரிது. வகுப்பு மேசையில் பழகிய சீட்டும், பணத்துக்குப் பதில் வைக்கும் சில்லும் பழசு. திறப்பு நாளில் எல்லாமே புத்தம் புதுசு. புது பிளாஸ்டிக் சீட்டு புதுத் துணிமேல் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். கொஞ்சம் உயரமாக வீசினால் காற்றில் புரண்டு முகம் தெரிந்துவிடும், இல்லையென்றால் மேசை விளிம்பைத் தாண்டிப் போய் மடியில் விழும். புது சில்லின் ஓரம் கூர் மழுங்காமல் வழவழவென்று இருப்பதால் 20 அடுக்கினால் சரிந்துவிடும். ஆயிரம் கை பட்டால் இரண்டும் தானே வழிக்கு வரும்.

இயந்திரம் அடிக்கடி சிவப்பு விளக்கு போடுகிறது என்றும் எழுதியிருந்தாய். மேசைக்கு இரண்டு கட்டு, இரண்டு நிறம். ஒன்று ஆட்டத்தில் இருக்கும்போது மற்றது உள்ளே கலையும். இயந்திரம் சீட்டை எண்ணும். 52 இல்லையென்றால் நின்றுவிடும். புது டீலர் கழித்த சீட்டைக் கூட்டும்போது ஒன்று சில்லு அடுக்குக்குக் கீழே தங்கிவிடும், அல்லது கட்டின் அடியில் வைக்கும் வெட்டுச் சீட்டும் சேர்ந்து உள்ளே போய்விடும், அல்லது ஆட்டக்காரர் ஒருவர் மூலையை மடக்கிப் பார்த்த சீட்டு சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அப்போது கையால் கலைக்க வேண்டும்: மேசைமேல் பரப்பித் துழாவி, இரண்டு முறை கோத்து, ஒரு முறை கத்தை கத்தையாக மாற்றி, மறுபடி கோத்து, வெட்டு. இந்த வரிசை தடுமாறாமல் வந்தால் அந்த டீலர் இரண்டு மாதத்தில் தேறிவிடுவார். பரப்பித் துழாவும் கட்டத்தையே விட்டுவிட்டால் அது பயிற்சியில் இருக்கும் ஓட்டை.

சைட் பாட் (பணம் குறைவாக இருப்பவரைச் சேர்க்காமல், மற்றவர்களுக்கு மட்டும் தனியாகப் பிரிக்கும் பந்தயத் தொகை) விஷயம் வேறு. அங்கே பொறுமை காட்டாதே, கணக்கு போடு. 1/3 ஆட்டத்தில் பிளைண்ட் இருவரும் (சீட்டு போடுமுன் கட்டாயமாக 1 டாலரும் 3 டாலரும் வைப்பவர்கள்) சீட்டை மடித்து விலகிவிட்டார்கள், 4 டாலர் கிடக்கிறது என்று வை. ஒருவர் 60-க்கு ஆல்-இன் (இருப்பது அத்தனையும் வைத்துவிடுவது), அடுத்தவர் 150-க்கு ஆல்-இன், மூன்றாமவர் 150 வைத்துக் கால் செய்கிறார், அதாவது ஈடுகட்டுகிறார். மூவருக்கும் பொதுவான மெயின் பாட் 60 மூன்று தடவை, கூட அந்த 4, ஆக 184. சைட் பாட் 90 இரண்டு தடவை, 180. மொத்தம் 364. புதியவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எல்லாச் சில்லையும் முதலில் நடுவில் இழுத்துவிட்டு, பிறகு பிரிக்கப் பார்ப்பார்கள். இழுப்பதற்கு முன்னாலேயே, "முதலில் 60 சமன் செய்யுங்கள்" என்று சொல்லிவிடு. பாட் கொடுக்கும்போது சைட் பாட் முதலில், மெயின் பாட் பிறகு. மாற்றிக் கொடுத்தால், மெயின் பாட்டில் தோற்றவர் சைட் பாட்டில் தனக்குப் பங்கு இருப்பதையே மறந்து சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார். சீட்டு கழிவில் கலந்துவிட்டால் மேற்பார்வை பார்க்கும் ஃப்ளோர்காரராலும் மீட்டுத் தருவது கஷ்டம்.

அடுத்தது இடத்துக்குக் காத்திருப்போர் லிஸ்ட். 'பாதி மேசை காலி, ஆனால் எனக்கு முன்னால் 40 பேர்' என்று கொதித்திருக்கிறாய். மேசைக்குப் பஞ்சமில்லை, டீலருக்குத்தான் பஞ்சம். ஒவ்வொரு டீலருக்கும் பின்னணி விசாரணை முடிந்து மாநில உரிமம் வர வேண்டும். அரை மணிக்கு ஒரு மேசை என்று சுற்றுகிறவர்களுக்கு இடைவேளை கொடுக்க, நாலைந்து மேசைக்கு ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். அதனால் 15 டீலர் வேலையில் இருந்தால் 12 மேசைதான் ஓடும். இது நாளடைவில் சரியாகும். ஆனால் லிஸ்டை நடத்துகிற விதத்தை இப்போதே கவனி. வீட்டிலிருந்து போனில் பெயர் கொடுத்தவர் எவ்வளவு நேரத்துக்குள் நேரில் வர வேண்டும் என்று விதி இருக்கிறதா? இல்லையென்றால் அந்த 40 பேரில் பாதிப் பேர் இன்னும் வீட்டு சோபாவில் இருப்பார்கள். அறைகளின் லிஸ்டைக் காட்டும் பிராவோ செயலியில் அந்த அறை இருந்தால், கிளம்பும் முன் அதில் ஓடும் மேசை எண்ணிக்கையையும் பார். லிஸ்ட் நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. 6 மேசைக்கு 20 பேர் என்றால் சீக்கிரம் நகரும். ஒரே மேசைக்கு 8 பேர் என்றால் சாப்பிட்டுவிட்டே வரலாம்.

இனி சரியாகாத குறைகள். சுவரில் மாட்டியிருக்கும் ரேக் (ஒவ்வொரு பாட்டிலிருந்தும் அறை எடுக்கும் பங்கு) பலகையை நீ படிக்கவே இல்லை என்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது. '5 டாலர் எடுக்கிறார்கள் போலிருக்கிறது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். 10 சதவீதம், உச்சம் 5, அதோடு ஜாக்பாட்டுக்கு 2 என்பது அமெரிக்க அறைகளில் இப்போது சாதாரணமாகப் பார்க்கிற கணக்கு. எல்லாப் பாட்டும் உச்சத்தைத் தொடாது. ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) வராத கையில் எடுக்கவும் மாட்டார்கள். எனவே சராசரியாகக் கைக்கு 5 டாலர் மேசையை விட்டுப் போகிறது என்று வை. மணிக்கு 28 கை என்றால் 140 டாலர். ஒன்பது பேருக்கு வகுத்தால் தலைக்குப் பதினைந்தரை. நீ ஜெயிக்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் டீலருக்கு ஒரு டாலர் டிப்ஸ், மணிக்கு மூன்று. ஆக உன் நாற்காலியின் வாடகை மணிக்குப் பதினெட்டரை டாலர், அதாவது ஆறு பிக் பிளைண்ட் (ஒன்றுக்கு 3 டாலர்). 300 டாலரோடு உட்கார்ந்து, எல்லோரும் ஒரே திறமை என்று வைத்துக்கொண்டால், 16 மணி நேரத்தில் அது முழுக்க அறைக்கும் டீலருக்கும் போய்ச் சேரும். நாற்காலி அருமையாக இருக்காதா பின்னே!

இதில் ஒரு வேடிக்கை. கைக்குக் கை ரேக் எடுக்கும் மேசையில் மந்தமான டீலர் உனக்குச் செலவைக் குறைக்கிறார்: 20 கை என்றால் தலைக்கு மணிக்கு 11 டாலர்தான். நேரக் கட்டணம் வாங்கும் பெரிய மேசையில் நேர் எதிர். அரை மணிக்கு 7 டாலர் என்றால் மணிக்கு 14; 32 கை வந்தால் ஒரு கைக்கு 44 சென்ட், 20 கை வந்தால் 70 சென்ட். டீலர் மந்தம் என்று புலம்பும் உரிமை அந்த மேசைக்காரர்களுக்குத்தான் முதலில்.

ஜாக்பாட்டுக்குப் போகும் 2 டாலர் ஆட்டக்காரர்களின் பணம். பரிசாகத் திரும்பி வர வேண்டியது. யாருக்குத் திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி. சனிக்கிழமை இரவு எல்லா மேசையும் ஓடும்போது பணம் சேரும். 'ஹை ஹேண்ட்' (குறித்த நேரத்தில் வந்த ஆகப் பெரிய கைக்கான) பரிசு வைப்பதோ, அறையை நிரப்ப வேண்டிய செவ்வாய் மதியம். சனி இரவு மட்டும் வருகிற உன்னைப் போன்றவன் செவ்வாய் மதியம் வரும் ஓய்வுபெற்ற தாத்தாக்களுக்கு மொய் எழுதிக்கொண்டிருக்கிறாய். பரிசு அட்டவணையைக் கேட்டு வாங்கி, நீ போகும் நேரத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார். மிகப் பெரிய கை தோற்றால் தரும் பேட் பீட் ஜாக்பாட்டுக்கு நிபந்தனை அச்சில் இருக்கும்: தோற்கும் கை குறைந்தபட்சம் எது, கையிலுள்ள இரண்டு சீட்டும் பயன்பட வேண்டுமா, எத்தனை பேருக்குச் சீட்டு போட்டிருக்க வேண்டும். அதோடு ஒன்று: ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வந்து பாட் கைமாறும்வரை ஜாக்பாட் என்ற வார்த்தையை எடுக்காதே. கை நடக்கும்போது அதைப் பற்றிப் பேசினால் பரிசே ரத்தாகிவிடும் என்று பல அறைகளில் விதி உண்டு.

மேசைகளின் இடைவெளியும் சரியாகாத குறைதான். முதுகோடு முதுகாக இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது நடுவில் சாப்பாட்டு வண்டி போகிறதா? போகவில்லையென்றால் சனிக்கிழமை முழுக்க நாற்காலியை இழுத்துப் போட்டபடிதான் ஆட வேண்டும். சில்லு மாற்ற அறைக்குள்ளேயே கேஜ் இருக்கிறதா, கழிவறை எத்தனை நிமிட நடை, பக்கத்திலேயே இரவு விடுதி இருக்கிறதா என்பதெல்லாம் கட்டடத்தோடு பிறந்தவை. அரை மணிக்கு ஒரு முறை கழிவறைக்கு ஓடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. சிரிக்காதே, இதுவும் கணக்குதான். இருக்கை விஷயத்திலும் அப்படியே. டீலரின் இடது பக்கம் 1-ம் எண், வலது பக்கம் 9. அந்த இரண்டிலும் உட்கார்ந்தால் பொதுச் சீட்டு விரிந்த போர்டைப் பார்க்கக் கழுத்தைத் திருகணும், நடுவில் டீலர் இருப்பதால் ஒருவருக்கொருவர் முகமும் தெரியாது. உன் கண்ணாடிக்கு 4, 5, 6 சரிப்படும். உட்கார்ந்ததுமே 'இடம் காலியானால் எனக்கு' என்று டீலரிடம் சொல்லி வை.

விதிகளில் அறைக்கு அறை வித்தியாசம் உண்டு. புது அறையில் டீலர்கள் நாலா திசையிலிருந்தும் வந்திருப்பதால் ஒவ்வொருவரும் தன் பழைய ஊர் வழக்கத்தைச் சொல்வார். எல்லா இடத்திலும் அநேகமாகச் செல்லுபடியாவது: எதிரில் 15 டாலர் பந்தயம் இருக்கும்போது நீ வாய் திறக்காமல் ஒரே ஒரு 25 டாலர் சில்லைப் போட்டால் அது கால்தான், ரெய்ஸ் (தொகையை உயர்த்துவது) ஆகாது. எதிரில் 30 இருக்கும்போது சத்தமில்லாமல் இரண்டு 25 வைத்தாலும் கால்தான், ஏனென்றால் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் 30-க்குப் போதாது. வாயால் சொல்லிவிட்டுச் சில்லை வைத்தால் வம்பே இல்லை. ஸ்ட்ராடில் (சீட்டைப் பார்க்குமுன் தானாக வைக்கும் கூடுதல் பந்தயம்) கடைசியாக ஆடும் பட்டன் இடத்திலிருந்து போடலாமா, சில்லு பந்தயக் கோட்டைத் தாண்டினாலே கட்டுப்படுமா, தோற்ற கையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாமா என்ற மூன்றையும் மேசையில் விசாரிக்காதே. டெஸ்கில் அச்சடித்த விதிப் புத்தகம் இருக்கும், அங்கே கேள். இரண்டு ஃப்ளோர்காரர்கள் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் அது முதல் மாதக் குழப்பம். ஆறாவது மாதத்திலும் அப்படியே சொன்னால் பெரிய பாட்டை அங்கே வளர்க்காதே.

அடுத்த முறை உன் மைத்துனனையும் கூட்டிப் போவதாக எழுதியிருக்கிறாய். கை நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசணும், நீங்கள் சீட்டை மடித்துவிட்டாலும்கூட. "மச்சான், அவன்கிட்ட ஒண்ணும் இல்லடா" என்று ஒரு தடவை வாயை விட்டால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் கை செத்தது என்று தீர்ப்பு வரலாம். ஒரே மேசையில் உட்காராமல் இருப்பதே உத்தமம்.

இத்தனைக்கும் பிறகு, ஆட்டம் நன்றாக இருந்தது என்கிறாய். இருக்கும். இங்கே 2012 நவம்பர் வாக்கெடுப்பில் மேசை ஆட்டங்களுக்கு அனுமதி கிடைக்கும்வரை மேற்கு விர்ஜீனியாவின் சார்ல்ஸ் டவுனுக்கோ, டெலவேருக்கோ, அட்லாண்டிக் சிட்டிக்கோ, இப்படி வெளி மாநிலத்துக்கு வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. பிறகு 2013 ஆகஸ்டில் மேரிலாந்து லைவ் கேசினோ 52 மேசையோடு போக்கர் அறை திறந்தது. 2014 ஆகஸ்டில் பால்டிமோரில் ஹார்ஸ்ஷூ, 2016 டிசம்பரில் நேஷனல் ஹார்பரில் எம்ஜிஎம். அறை கூடக் கூட அதே ஆட்டக்காரர்கள் பங்காளி சொத்து மாதிரிப் பிரிகிறார்கள். புது அறைக்கு முதலில் வருவது வேடிக்கை பார்க்க வருகிறவர்கள், ஐந்து பேராக ஃப்ளாப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் குறைந்து, தொழில்போல ஆடுகிறவர்கள் மிஞ்சுவார்கள். டீலர் தேறுகிற சமயத்தில் ஆட்டம் இறுகிவிடும். ஆகவே போவதானால் இப்போது போ, மந்தத்தைப் பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும் பார்த்து எழுது. பாட் எத்தனை டாலர் ஆனதும் அந்த ஜாக்பாட் 2 டாலரை எடுக்கிறார்கள்? சில இடத்தில் 10 டாலர் பாட்டிலேயே முதல் டாலரை எடுத்துவிடுவார்கள். அப்படியென்றால் நான் மேலே போட்ட கணக்கை நீ கூட்டித்தான் படிக்க வேண்டும். லட்சுமியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
ரகு