பேரனுக்கு நீளம் சொல்லிக்கொடுக்கும் மகளுக்கு

பாலக்கோடு

அன்புள்ள மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சித்தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பென்சில்களில் நீளமானதற்குச் சரிக்குறி போடச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் மேலே இருப்பதற்குப் போட்டிருக்கிறான். அதைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார்கள். மேல் பென்சில் வலப்பக்கம் தள்ளி வரையப்பட்டிருப்பதை நீ கவனித்தாயா? அதன் கூர்முனை எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் குழந்தை பார்த்திருக்கிறான். ஐந்து வயதில் கண் அங்கேதான் போகும். ஜெனீவாவில் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயும் அவருடன் பணியாற்றியவர்களும் சம நீளமுள்ள இரண்டு குச்சிகளை நுனியோடு நுனி சேர்த்து வைத்துக் கேட்டபோது இரண்டும் ஒன்றுதான் என்று சொன்ன பிள்ளைகள், கண்ணெதிரே ஒன்றைச் சற்று முன்னே தள்ளியதும் அதுவே நீளம் என்றார்கள். 1948இல் வெளியான அவர்களது நூலில் இது இருக்கிறது. ஏழு வயதை ஒட்டித்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெளிவாகிறது. இதற்குப் போய் 'மந்தம்' என்று டைரியில் எழுதி அனுப்புவதையும், அதைப் படித்துவிட்டு நீ இத்தனை நாள் அம்மாவிடம் பேசாமல் இருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

போன முறை பேசியபோது பின்னால் கேட்டது டிவிச் சத்தம் என்றாய். சரி.

தாளை மூடி வைத்துவிடு. துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவி, ஒன்றைக் கொஞ்சம் குட்டையாக ஒடித்து, அவன் கையில் கொடு. இரண்டின் அடியையும் சுவரில் முட்டும்படி அவனே வைக்கட்டும். பிறகு எது நீளம் என்று கேட்டுவிட்டு, அவன் விடை சொல்லும் வரை நீ எதுவும் சொல்லாதே. தவறாகச் சொன்னாலும் உடனே திருத்தாமல், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மட்டும் கேள். பிள்ளைகள் விளக்கத் தொடங்கும்போதே பாதித் தவறு அவர்களுக்கே தெரிந்துவிடும். வகுப்பில் இதை நான் எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். ஸ்கேல் இப்போது வேண்டாம். அதை எடுத்து பீரோவுக்கு மேல் வைத்துவிடு.

நீ தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரை வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்துச் சொல்கிறவள். அதை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை. அளக்கத் தொடங்கும் முன் பூஜ்ஜியம் சரியாக நிற்கிறதா என்று நீ பார்க்கிறாய் அல்லவா? சுவரில் அடி சேர்த்து வைப்பதும் அதே வேலைதான், கண்ணு. அவ்வளவு பொறுமையாக இரும்பைப் பார்க்கிற உனக்கு வீட்டிற்கு வந்ததும் அந்தப் பொறுமை ஏன் தீர்ந்துவிடுகிறது?

குச்சி பழகிய பிறகு ஒரு கயிற்றைப் பாம்பு போல வளைத்து, அதன் இரண்டு முனைகளுக்கு நேராக ஒரு குச்சியை வை. இரண்டும் ஒன்றுதான் என்பான். கயிற்றை அவனே இழுத்து நீட்டட்டும், நீ இழுக்காதே. மாம்பழ நாளில் கிளிமூக்கையும் செந்தூராவையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் உருண்டையாக இருப்பதையே பெரிது என்று காட்டக்கூடும். அவன் எடையையோ பருமனையோ பார்க்கிறான், நீ கேட்டது நீளத்தை. அதனால் விரலை எங்கிருந்து எங்கே ஓட்ட வேண்டும் என்று முதலில் காட்டிவிட வேண்டும்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதவற்றுக்கு ஒரு நூல் போதும். கட்டில் வாசலில் நுழையுமா என்பதை நூலால் அளந்து அவன் சொல்லட்டும். உன் அப்பா நடுவதற்கு மரவள்ளித் தண்டைக் கரணைகளாக வெட்டும்போது, 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் வெட்டிய முதல் கரணையையே கடைசி வரை அளவாக வைத்துக்கொள்வார். புதிதாக வெட்டியதை வைத்து அடுத்ததை வெட்டினால் நீளம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும் என்பார். நீயும் அவரோடு உட்கார்ந்து வெட்டியவள்தான், உனக்கு யாரும் தாள் கொடுத்துக் கற்பிக்கவில்லை. பிறகு பூ. உன் முழத்துக்கு மூன்று வரும் சரம் அவன் குட்டி முழத்துக்கு ஏன் அதிகமாக வருகிறது என்று அவன் கேட்கும் நாளில்தான் ஸ்கேலுக்கு வேலை. அப்போதும் ஒன்று என்ற எண்ணிலிருந்து அளக்கத் தொடங்குவான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். அதற்கும் கோபப்படாதே.

மாடி வீட்டுப் பெண் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள் என்று சொன்னாய். அவள் அவனைவிட எட்டு மாதம் மூத்தவள், இந்த வயதில் அது பெரிய இடைவெளி. அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே உட்காரவைக்கிறோம். அரும்பில் இருக்கிற பிள்ளையை யாரும் மந்தம் என்று எழுதி அனுப்புவதில்லை. எங்கே சேர்ப்பது என்று நீங்கள் பேசியபோது நான் சொன்னதை மாப்பிள்ளை கேட்கவில்லை. அது போகட்டும்.

ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிற நாளில் பாடத்தையே எடுக்காதே. ஒரு நாள் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. களைப்போடு உட்கார்ந்தால் கை நீளும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு, போனை அவனிடம் கொடு. எந்தக் குச்சி நீளம், எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவனே எனக்குச் சொல்லட்டும். முழுப் பரீட்சை விடுமுறைக்கு அவனை இங்கே விடு. உங்களால் வர முடியாவிட்டால் நானே ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். அதுவரை ஸ்கேல் பீரோவுக்கு மேலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா