ஊசி குத்திக்கொள், மாத்திரையை நிறுத்தாதே

அன்புள்ள விஜி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை, இங்கே குறுவை அறுப்பு. அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியாததா? வெயில் தலைகாட்டும்போதெல்லாம் பிரித்துக் கொட்டி, காயவைத்து, கருக்கல் கட்டியதும் ஓடி ஓடி அள்ளி மூடி என்று இவர் அங்கேயே பழியாய்க் கிடந்தார். நேற்றுத்தான் ஒருவழியாக எடை போட்டார்கள். பணம் கணக்கில் ஏறுவது வேறு கதை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நெஞ்சு படபடப்பு, நடுராத்திரி முழிப்பு, காரணமே இல்லாமல் வயிற்றைப் பிசைகிறது என்று எழுதியிருந்தாய். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார், உன் நாத்தனார் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊசி குத்திப் பார்க்கிற அக்குபங்சர் வைத்தியத்துக்குப் போ என்கிறார், நீதான் போகிறாயே, குணம் தெரிகிறதா என்று என்னிடம் கேட்கிறாய். எனக்குத் தெரிகிறதடி. நீயும் போ. ஆனால் நாத்தனார் சொன்னதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்.

2018-ல் கஜா புயல் அடித்துப் போட்ட ராத்திரிக்கு அப்புறம் காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும், நீயே பார்த்திருக்கிறாய். அதற்காகத்தான் மன்னார்குடியில் ஒரு அம்மாவிடம் போக ஆரம்பித்தேன். வீட்டு மாடியில் வைத்துப் பார்க்கிறார். முதலில் ஊசியே கிடையாது, கேள்விதான். எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, பசி எப்படி, யாரோடு மனஸ்தாபம் என்று எல்லாம் கேட்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இரண்டு கையிலும் மூன்று விரல் வைத்து நாடி பிடிக்கிறார். விஜி, நம்மை யாரடி கடைசியாக உட்காரவைத்து இவ்வளவு கேட்டார்கள்? பாதிப் பாரம் எனக்கு அங்கேயே இறங்கிவிட்டது.

ஊசிக்குப் பயப்படாதே. தடுப்பூசி போடுகிற ஊசி மாதிரி நடுவில் துவாரம் கிடையாது, கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், நாம் பூத்தொடுக்கிற நாரைவிட மெல்லிசு. ஒரு சின்னக் குழாயைத் தோலில் நிறுத்தி, உள்ளே ஊசியை விட்டு, மேலே ஒரு விரலால் சுண்டுகிறார், அவ்வளவுதான், இறங்கியதே தெரியாது. அப்புறம் லேசாகத் திருகும்போதுதான் தெரியும், உள்ளே ஒரு கனம், மந்தமாக ஒரு இழுப்பு, சில நேரம் சுண்டுவிரல் வரைக்கும் ஓடும். அது வரவேண்டும் என்றுதான் அவர்களும் பார்க்கிறார்கள். எனக்கு வைப்பது மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கம் ஒன்று, அதற்கு ஷென்மென் என்று பெயராம். மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் மேலே இரண்டு நரம்புக்கு நடுவே இன்னொன்று (பஸ்ஸில் வாந்தி வந்தால் அழுத்தச் சொல்வார்களே, அதே இடம்), புருவ மத்தியில் ஒன்று, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒன்று. வைத்துவிட்டு ஃபேனைப் போட்டு, போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவர் போய்விடுவார். இருபது நிமிஷம், அரைமணி. நான் பெரும்பாலும் தூங்கிவிடுவேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தம்பி மகளிடம் கேட்டேன், அவள் பிசியோதெரபி படிக்கிறாள். குத்தும்போது உடம்பு எண்டார்ஃபின் சுரக்கிறது, வலியை அடக்குகிற பொருள் அது, என்றாள். கூடவே முதுகுவலிக்காக ஜெர்மனியில் செய்து 2007-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றையும் காட்டினாள். ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறைப்படி குத்திக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல குணம், அக்குபங்சர் புள்ளியே இல்லாத இடத்தில் சும்மா மேலாகக் குத்திக்கொண்டவர்களில் 44.2, வழக்கமான வைத்தியம் எடுத்தவர்களில் 27.4. அதாவது எங்கே குத்தினாலும் கிட்டத்தட்ட அதே பலன்! பதற்றத்துக்கென்று நடந்த ஆய்வுகள் இதைவிடச் சின்னவை, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றும் சொன்னாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. படுக்கை, அமைதி, தொட்டுப் பார்க்கிற ஒரு கை, இதெல்லாம் சேர்ந்துதான் எனக்கு மூச்சு இறங்குகிறது என்று நினைக்கிறேன். ஊசியின் பங்கு எவ்வளவோ, அது இருக்கட்டும்.

ஆனால் மாத்திரை விஷயத்தில் விளையாடாதே. நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு அக்கு ஹீலர் போர்டு தொங்குகிறது. அதில் சிலர் ஊசிகூட வைப்பதில்லை, ஒரு விரலால் தொட்டுவிட்டு இன்றோடு எல்லா மருந்தையும் நிறுத்து என்பார்கள். சர்க்கரைக்கும் அதேதான், பிரஷருக்கும் அதேதான். மத்திய அரசு அக்குபங்சரைத் தனி வைத்திய முறையாக 2019-ல் அங்கீகரித்தது உண்மை, அதற்காகப் போர்டு மாட்டியவரெல்லாம் படித்தவர் ஆகிவிடமாட்டார். உன் சீட்டில் குளோனாசிபம் இருந்தால் அதைப் பல நாள் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மற்ற பதற்ற மாத்திரைகளையும் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமில்லாமை என்று படுத்தும், உனக்கோ பழைய வியாதியே திரும்பிவிட்டது போலிருக்கும். குறைக்கவேண்டும் என்றால் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல், அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். எனக்கு ஊசி வைக்கிற அந்த அம்மா முதல் நாளே என் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படித்தார், எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இன்னொன்று, தைராய்டு பார்த்தாயா? அது அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மைதான். ரத்தம் குறைந்திருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்தத்துக்கு ஹீமோகுளோபின், இரண்டு டெஸ்டும் எடுத்துவிட்டு வா. ராத்திரியில் பயம் முட்டினால் 14416-க்குப் போடு, டெலி மனாஸ் என்று மனநலத்துக்காக அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். யாரையும் எழுப்ப வேண்டியதில்லை பார்.

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக வருகிற பஸ்ஸில் ஏறு, நான் ஸ்டாண்டில் நிற்கிறேன். வெறும் வயிற்றோடு வராதே, சிலருக்கு ஊசி வைத்ததும் மயக்கம் வரும். முழங்கை வரைக்கும் ஏற்றிவிட வருகிற மாதிரி ஜாக்கெட் போட்டுக்கொள். அண்ணனுக்கு இதய டாக்டர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருப்பதாகச் சொன்னாயே, அவரும் குத்திக்கொள்கிறேன் என்று கிளம்பினால் அதை அந்த அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தக் கிழமை என்று மட்டும் எழுது, ஞாயிறு அவர் பார்ப்பதில்லை.

உன்
கலா