100 வோல்ட் ஊரிலிருந்து

நிஷிகசாய்,
டோக்கியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி, பாட்டி எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "100 வோல்ட்ல அந்தக் கம்ப்யூட்டர் எப்படிடா ஓடுது, டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினியா?" என்று கேட்டீர்கள். நடுவில் அம்மா எனக்கு மிக்ஸி அனுப்புகிற பேச்சை எடுத்ததில் அது பாதியில் நின்றுபோனது. மின்வாரியத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தவருக்கு அரைகுறையாகச் சொல்லி வைப்பானேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நம்மூர் 230 வோல்ட்டில் ஓடிய கம்ப்யூட்டர்தான், ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கவில்லை. கேபினெட்டின் பின்பக்கம், கேபிள் சொருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்குமே, ஒரு பக்கம் 230, மறுபக்கம் 115 என்று போட்டு? கேபிளைச் சொருகுவதற்கு முன்னால் அதைப் பேனா முனையால் 115 பக்கம் தள்ளினேன். அவ்வளவுதான். அப்புறம் பட்டனை அமுக்கினால், நம் வீட்டு முன்னறையில் ஓடியது போலவே ஓடுகிறது.

உள்ளே நடப்பது உங்களுக்குப் பிடிக்கும். எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கேபினெட்டுக்குள் இருக்கிற பவர் சப்ளை, வருகிற ஏ.சி. கரன்ட்டை முதல் வேலையாக டி.சி. ஆக்கி இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களில் நிரப்பிக்கொள்கிறது. 230 வந்தால் அலையின் உச்சம் 325. அதை இரண்டும் ஆளுக்குப் பாதியாகத் தாங்கும். சுவிட்சை 115க்குத் தள்ளிவிட்டால், ஒரு அரை அலைக்கு ஒரு கெப்பாசிட்டர், அடுத்த அரை அலைக்கு இன்னொன்று என்று மாறி மாறி முழு உச்சத்துக்கு நிரம்பி, இரண்டும் சேர்ந்து இரட்டிப்பாகிவிடும். இங்கே 100 வோல்ட்டின் உச்சம் 141. இரட்டித்தால் 283 சொச்சம். அதற்கு மேல் நடக்கிற வேலைக்கு அது தாராளம். மதர்போர்டுக்குப் போகிற 12, 5, 3.3 வோல்ட்டுக்கு இது எந்த நாடு என்பதே தெரியாது.

இங்கே கரன்ட் வருகிற விதத்தைப் பார்த்தால் நீங்கள் ஒரு நாள் முழுக்கத் தெருவிலேயே நின்றுவிடுவீர்கள். நம்மூரில் 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன் ஓடுகிற இடத்தில் இங்கே 6,600 வோல்ட். ஒவ்வொரு சின்னத் தெருவிலும் கம்பத்தின் மேலேயே டப்பா டப்பாவாக டிரான்ஸ்ஃபார்மர்கள். வீட்டுக்குள் மூன்று கம்பி வருகிறது: நடுவில் நியூட்ரல், இரு பக்கமும் ஃபேஸ். நியூட்ரலுக்கும் எந்த ஃபேஸுக்கும் இடையே 100, இரண்டு ஃபேஸுக்கும் இடையே 200. பெரிய ஏ.சி. மெஷினுக்கு மட்டும் அந்த 200ஐக் கொடுக்கிறார்கள். அதன் பிளக் பாயின்ட் வடிவமே வேறு, மற்ற எதையும் அதில் சொருக முடியாது.

இன்னொரு கூத்து. டோக்கியோவில் நம்மைப் போலக் கரன்ட் அலை வினாடிக்கு 50 சுற்று, அதாவது 50 சைக்கிள். ஒசாகா பக்கம் போனால் 60. 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். நாடு இன்று வரை இரண்டாகவே கிடக்கிறது. ஃபுஜி ஆற்றை ஒட்டித்தான் எல்லை என்று சொல்கிறார்கள். நடுவில் சைக்கிளை மாற்றிக் கொடுக்கிற நிலையங்கள் இருந்தாலும், 2011 பூகம்பத்தின்போது அவை எல்லாம் சேர்ந்தே சுமார் 1,000 மெகாவாட்டுக்குத்தான் தாங்கின. மேற்கே கரன்ட் இருந்தும் வேண்டிய அளவு கிழக்கே கொண்டுவர முடியாமல், இந்தப் பக்கம் முறை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை, முதலிலேயே டி.சி. ஆக்கிவிடுகிறதல்லவா. நாளைக்கே ஒசாகாவுக்கு மாற்றல் வந்தாலும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

தம்பி அடுத்த வருஷம் படிக்க வரும்போது தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவரப் போவதாகச் சொல்கிறான். வரட்டும், ஆனால் எஸ்.எம்.பி.எஸ். லேபிளை முதலில் படிக்கச் சொல்லுங்கள். 100-240 என்று இருந்தால் எதையும் தொடவேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும். புதுசாக வருகிற நல்ல சப்ளைகளில் சிவப்பு சுவிட்சே கிடையாது. 200-240 என்று மட்டும் இருந்தால் இங்கே பிரயோஜனமில்லை. எங்கள் மாடியில் இருக்கிற நாக்பூர் பையன் அப்படி ஒன்றைச் சுமந்து வந்தான். உயிரே வரவில்லை. அகிஹபாரா போய்ப் புதுசு வாங்கி மாட்டினோம். அங்கே தெருத் தெருவாகக் கம்ப்யூட்டர் சாமான்தான். நம் ரிச்சி தெருவைக் கழுவித் துடைத்து ஏழு மாடிக்கு அடுக்கியது போல.

சுவிட்ச் வைத்த சப்ளையில் பயப்பட வேண்டியது திரும்பி வருகிறபோதுதான். 230இல் வைத்து இங்கே சொருகினால் பெட்டி சும்மா கிடக்கும், கெட்டுப்போகாது. 115இல் வைத்து நம்மூரில் சொருகினால், 200 வோல்ட் மட்டுமே தாங்குகிற கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 ஏறும். டமார் என்ற சத்தம், கருகல் நாற்றம், முடிந்தது கதை.

கேபிள் மட்டும் இங்கேயே வாங்கினேன். பெட்டியில் சொருகுகிற முனை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சுவர் பக்கம் இங்கே இரண்டு தட்டைக் கால். அடாப்டர் வைத்து நம் உருண்டைப் பின்னை ஒட்டுப்போட எனக்கு மனம் வரவில்லை. 300 வாட் இழுத்தால் நம்மூரில் 1.3 ஆம்பியர், இங்கே 3 ஆம்பியர். லூஸ் கான்டாக்ட் இருந்தால் எப்படிச் சுடும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கேபிளின் பிளக்கிலிருந்து பச்சை வயர் ஒன்று வால் மாதிரி தொங்குகிறது, அதுதான் எர்த். ஆனால் எர்த் திருகு எல்லா பாயின்ட்டிலும் கிடையாது. எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் வைக்கிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கிறது. எர்த் கொடுக்காமல் ஓட்டியபோது கேபினெட்டில் புறங்கையை வைத்தால் லேசாகக் குறுகுறுத்தது. சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகப் பாதி வோல்ட் கசிகிறது, இங்கே பாதி என்றால் 50தான். இருந்தாலும் நீங்கள் வளர்த்த வளர்ப்பு, மேசையை ஃப்ரிட்ஜ் பக்கம் நகர்த்தித் திருகில் மாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு 30 ஆம்பியர்தான் வாங்கியிருக்கிறேன். கூடுதலாக வேண்டுமென்றால் மாசாமாசம் கூடுதல் காசு. ரைஸ் குக்கர், மைக்ரோவேவ், ஹீட்டர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் மெயின் விழுந்துவிடும், கம்ப்யூட்டரும் கூடவே அணையும். அதனால் சாதம் வேகும்போது ஹீட்டரை நிறுத்திவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். மற்றபடி கரன்ட் போகிற பேச்சே இல்லை. யு.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று.

இனி மிக்ஸி. அம்மாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லவேண்டும், அனுப்ப வேண்டாம். அது மோட்டார், கம்ப்யூட்டர் மாதிரி சமாளிக்கத் தெரியாது. 230க்குச் சுற்றியதை 100இல் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு பலம்கூட இருக்காது, தேங்காய்ச் சில்லில் சிக்கி முனகிக்கொண்டே நிற்கும். 750 வாட்டுக்கு வோல்ட்டை ஏற்றுகிற ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், ஆனால் அந்த இரும்புக் கட்டியை வைக்க என் சமையலறையில் இடமில்லை. அமெரிக்காவுக்கென்று நம்மூர்க் கம்பெனிகள் 110 வோல்ட் மிக்ஸி செய்கின்றன, அதில் ஒன்று இங்கே கிடைக்குமா என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அம்மா அந்தப் பெட்டியில் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைக்கலாம், அவற்றுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை.

தம்பியை அந்த லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, கொண்டுவரலாமா கூடாதா என்று சொல்கிறேன். பாட்டிக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்